தொப்பை விழுந்த செடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் அடீனியத்துக்கு (பாலைவன ரோஜா என்பார்கள்) அன்பாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அதை அழுக வைத்தேன். பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் போடிநாயக்கனூரில் சுருளியம்மாளை உண்டாக்கினேன்.

2

'பாலைவனத்தின் செந்நிறக் கனவு போல...' (வேண்டாம். செடி இன்னும் பூக்கவேயில்லை.)

மறுபடி. கல்யாணமான நாற்பதாம் நாள் பைரோஸ் சார்ஜாவுக்குத் திரும்பிவிட்டான். கம்பெனி வாசலில் பூத்த அடீனியத்தின் விதைகளைப் போடியில் இருக்கும் மனைவி பர்சானாவுக்குக் கொடுத்தனுப்பினான். ஒன்றுதான் முளைத்தது. ஒன்றரை வருடமாக வெள்ளிதோறும் ஜும்மா முடிந்து வீடியோவில் கூப்பிடுவான். பேச்சு செடியில்தான் தொடங்கும். (நாற்பது நாள் பழக்கத்தில் வேறு எதில் தொடங்குவது?)

3

பக்கத்து வீட்டுச் சுருளியம்மாளுக்கு மலைமேல் ஏலக்காய்த் தோட்ட நாற்றங்காலில் வேலை.

"இது அரளிடி. இலையப் பாரு."

"அரளிக்கு இப்படித் தொப்பை விழுமாக்கா? அடியில தண்ணி சேத்து வச்சிருக்கு."

"ஒன் வீட்டுக்காரருக்கு விழுந்ததுக்கு இது கம்மிதான்."

4

பர்சானா பத்து நாள் கம்பத்துக்குத் தாய்வீடு போனாள். செடியைப் பார்த்துக்கொள்ளச் சுருளியம்மாளிடம் சொல்லியிருந்தாள். பொறாமை பிடித்த சுருளியம்மாள் (முதல் இரண்டு சொல்லையும் அடித்துவிட்டேன். எனக்கு வசதியான பொய்) நிழலுக்குப் பச்சை வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். இருபது வருடமாக ஏலக்கன்றுகளை அப்படித்தான் பிழைக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பர்சானா திரும்பியபோது இலைகள் மஞ்சள். தொப்பை ஒருபக்கம் கொழகொழத்திருந்தது.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க!"

"வெயில்ல காயுதேன்னு மனசு கேக்கல ஆத்தா..." சொல்லும்போதே சுருளியம்மாள் செடியைப் பிடுங்கிவிட்டாள். "கத்தியக் கொண்டா, வெரசா."

அழுகலைச் சீவினாள். இன்னும் சீவினாள். பாதித் தொப்பைதான் மிஞ்சியது.

போன் அடித்தது.

5

"நம்ம ஆளு எப்படியிருக்கு?" என்றான் பைரோஸ்.

முடிவு அ: பர்சானா அக்காவைக் காட்டிக்கொடுக்கிறாள். (எழுதிப் பார்த்தேன். அவள் மறுத்துவிட்டாள்.)

முடிவு ஆ: அடுத்த சித்திரையில் பூ. (என் செடி செத்த கையோடு இதை எப்படி எழுதுவேன்?)

அவள் கேமராவைத் திருப்பினாள். "தண்ணி கூடிப்போச்சுங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்து பாத்துட்டிருக்கோம்" என்றாள். சுருளியம்மாள் நிமிரவேயில்லை.

வெட்டிய இடம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. உள்ளே கெட்டியா என்று அழுத்திப் பார்த்தால் பிழைக்குமா என்பது தெரிந்துவிடும். சுருளியம்மாளின் விரலெல்லாம் அழுகலின் பிசுக்கு. பர்சானாவுக்குத் தைரியம் இல்லை. என் விரல் ஏற்கெனவே ஒன்றைக் கொன்றது.

உங்கள் விரலைக் கொடுங்கள். மெதுவாக.