தரையை விடாத மருமகள்

மாவட்ட நடைப்போட்டியின் கடைசிச் சுற்றில் முடிவுக்கோட்டருகே நின்றவர்கள் இவர்கள்: தராசு பழுதுபார்க்கும் பெரியவர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகன், சபைப் போதகர், தலைமை நடுவர், துணை நடுவர், தண்ணீர் ஊற்றிக்கொடுத்த நர்ஸ். இந்த ஏழு பேரின் கண்ணெதிரே, காலை பத்தரை மணிக்கு, தார்ச்சாலை ஒரு சாண் உயரம் எழும்பியது.

எழுப்பியவள் தராசுக்காரரின் மருமகள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஜெபித்துக்கொண்டே நடப்பது அவள் வழக்கம். மனம் நிறைந்துவிட்டால் இரண்டு பாதங்களும் தரையிலிருந்து நான்கு விரற்கடை மேலே போய்விடும். வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை; மேல் அலமாரியிலிருந்து பாத்திரம் எடுக்கத் தோதாக இருப்பதாக மாமியாருக்குத் திருப்திகூட. நடைப்போட்டிக்குத்தான் அது ஒத்துவரவில்லை. ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று சிவப்பு அட்டை விழுந்தால் வெளியே. இரண்டு வருடம் அப்படித்தான் வெளியேறினாள். இரண்டாம் முறை தலைமை நடுவர் ஊரே கேட்கும்படி சொன்னார்: "ஏமாத்துறதுக்குன்னே ஒரு குடும்பம்!" மூன்று தலைமுறையாக ஒரு கிராம் பிசகாத குடும்பம் அது. தராசுக்காரர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் முத்திரை குத்திய ஐந்து கிலோ எடைக்கற்களை மருமகளின் இடுப்பில் கட்டி, கடையின் பெரிய தராசில் ஏற்றி ஜெபிக்கச் சொன்னார். முள் பூஜ்யத்துக்கு வந்தது. கற்களோடு சேர்ந்து அவள் தட்டுக்கு மேலே நின்றாள். தராசில்தான் கோளாறு என்று அதை மூன்று முறை கழற்றிப் பூட்டினார்.

"போட்டி முடியற வரைக்கும் ஜெபத்தை நிறுத்தி வையேம்மா."

"மூச்சை நிறுத்திட்டு நடக்கச் சொல்றீங்களா மாமா?"

மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டாள். "உன் பொண்டாட்டி கால் தரையில நிக்கவே நிக்காதாடா?"

"கோவம் வந்தா நிக்கும்மா."

"அப்ப தினம் ஏதாவது செய்யேன்!"

"அதைத்தானே செஞ்சுக்கிட்டிருக்கேன்."

கடைசியில் போதகர்தான் வழி சொன்னார். "எல்லாரும் மேல தூக்கிவிடச் சொல்லிக் கேக்கறாங்க. நீ கீழ நிக்கக் கேளும்மா." அன்றிலிருந்து அவள் கால்களைப் போலவே ஜெபத்தையும் பழக்கினாள். விடியற்காலையில் தராசுக்காரர் சாலையில் சுண்ணாம்புத்தூள் தூவிவிட்டுப் பின்னாலேயே குனிந்து தடங்களை எண்ணுவார். முதல் நாள் நூறு எட்டுக்கு நாற்பது தடம். மழைக்காலம் முடிவதற்குள் எண்பது. பழகத் தொடங்கிய பதினோராம் மாதம் நூற்றுக்கு நூறு.

போட்டியன்று கூட்டத்தைப் பார்த்த பூரிப்பில், கடைசிச் சுற்றுக்குள் அவளுக்கு இரண்டு அட்டைகள் விழுந்திருந்தன. இன்னொன்று விழுந்தால் குடும்பத்தின் பெயர் அவ்வளவுதான். முடிவுக்கோடு கண்ணில் பட்டதும் அவள் மனம் பொங்கியது. கால்கள் கிளம்பின. அவள் குதிகாலை அழுத்தி ஊன்றி, தரையை விடமாட்டேன் என்று நின்றாள். தரையும் அவளை விடாமல் கூடவே கிளம்பி வந்தது.

நடுவர்கள் இருவரும் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தாரில் வைத்துப் பார்த்தார்கள்.

"ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு சார்," என்றார் துணை நடுவர்.

தலைமை நடுவர் விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். சாலை எழும்புவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தராசுக்காரரிடம் வந்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்கய்யா," என்றார். தராசுக்காரர் தோள்துண்டால் அவர் கன்னத்துத் தூசியைத் தட்டிவிட்டார். நர்ஸ் தண்ணீர்க் குவளையோடு சாலைமேல் ஏறினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்தச் சாலை ஒரு வாரத்தில் மெதுவாக இறங்கியது. அதுவரை சைக்கிள்காரர்கள் இறங்கி, சைக்கிளை மேலே தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

அவள் முதல் பரிசு வாங்கியதாக ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. ஒன்பதாவதாக வந்தாள்.