பள்ளிக்கூட மாடி

டார்ச், பிஸ்கட், மாத்திரை எல்லாவற்றையும் மகள் பையில் அடுக்கினாள். வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது.

"தண்ணி ஏறினா நேரா பள்ளிக்கூட மாடி. யாரையும் தேடி யாரும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அம்மா போட்ட சட்டம்ப்பா."

வெல்டர் தலையாட்டினார். போன வெள்ளத்தில், ஆயுளில் முதல்முறையாக மனைவி பேச்சைக் கேட்டு, வெல்டிங் மெஷினைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மாடிக்கு ஓடியிருந்தார். அவளும் பாதி வழி வந்தவள்தான்.

"அந்த மனுஷன் மெஷினைக் கட்டிக்கிட்டு அழுவாரு. இழுத்துட்டு வரேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சிரித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். வெள்ளம் வடிந்தபின் உடல்தான் கிடைத்தது.

"இன்னொண்ணும் சேத்துக்கம்மா" என்றார். "நான் எங்க இருப்பேன்னு உனக்குத் தெரியும்னு மட்டும் நினைச்சுடாத."