முப்பத்திரண்டு தொகுதிகள்

மகத்தான மனிதர்கள் மறைவதில்லை, தங்கள் படைப்பில் வாழ்கிறார்கள் என்று முன்னறையில் சித்தப்பா தழுதழுத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் படைப்பு இருந்த கம்ப்யூட்டர் உள்ளறையில் இரண்டாவது முறையாக அணைந்துபோனது.

காலையில் காலமான அப்பா, ஒரு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடங்களாகத் தினமும் ஆறிலிருந்து ஏழு வரை கதவைச் சாத்திக்கொண்டு சுயசரிதை எழுதினார். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் குக்கர்கூட அடக்கித்தான் விசிலடிக்கும். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால், வந்துகொண்டே இருக்கிறது என்பார்.

நாலு மணிக்கு மயான வண்டி. அதற்குமுன் மகன் முதல் அத்தியாயத்தை வாசிப்பான் என்று சித்தப்பா யாரையும் கேட்காமல் அறிவித்துவிட்டார்.

மகளுக்குத் தெரியவேண்டியது வேறு. அதில் தன்னைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா பிள்ளைகளை அறிமுகப்படுத்தும் விதம் ஒன்றுண்டு: பெரியவன் கம்ப்யூட்டர் இன்ஜினியர், சின்னவள் ஒயர் இழுக்கிறாள். பொய்யில்லை. அலுவலகங்களுக்கு நெட்வொர்க் கேபிள் போடுவதுதான் அவள் தொழில்.

கம்ப்யூட்டர் அடியோடு போவதற்குள் எழுதியதையெல்லாம் பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம் என்றால் ஏழு மணி நேரம் காட்டியது. இணையத்தில் ஏற்றிவிடலாம் என்றான் அண்ணன். அது இரண்டு நாள் காட்டியது. பெட்டிக்குள் டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டது.

“இன்னும் ரெண்டு தடவை அணைஞ்சா இதுவும் அப்பா பின்னாடியே போயிரும்” என்றவள், தன் பையிலிருந்து ஒரு கேபிளை உருவினாள்.

“சாவு வீட்டுக்கு ஒயரோடவா வந்தே?” என்றாள் அண்ணி.

“எப்பவும் பையில கிடக்கும் அண்ணி.”

ஒரு முனையை அப்பாவின் கம்ப்யூட்டரிலும் மறுமுனையை அண்ணனின் லேப்டாப்பிலும் சொருகினாள். இன்ஜினியர் வீட்டில் இருக்கும்போது மற்றவர் விசைப்பலகையைத் தொடுவது முறையாகுமா? அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு இரண்டிலும் நெட்வொர்க் முகவரி எண்களைத் தட்டினான். இரண்டு கம்ப்யூட்டரும் அசைந்து கொடுக்கவில்லை. கேபிள் மட்டம் என்று தீர்ப்புச் சொன்னான்.

“கேபிள் நல்லாத்தான் இருக்குண்ணா. ரெண்டுக்கும் ஒரே அட்ரஸ் குடுத்திருக்கே. அப்படி இருந்தா ஒண்ணோட ஒண்ணு பேசாது.”

“நம்ம வீடு மாதிரி” என்றாள் அண்ணி, யாரையும் பார்க்காமல்.

தங்கை முகவரியின் கடைசி எண்ணை ஒன்றில் ஒன்று, மற்றதில் இரண்டு என்று மாற்றினாள். உடனே திறந்துகொண்டது. இருபத்தாறு நிமிடம் என்றது திரை. பச்சைக் கோடு நகர்ந்தது.

சித்தப்பா எட்டிப் பார்த்து, எவ்வளவு தேறும் என்று கேட்டார். முப்பத்திரண்டு ஜி.பி. என்றான் அண்ணன். அவர் முன்னறைக்குப் போய் முப்பத்திரண்டு தொகுதிகள் என்று அறிவித்தார். அங்கே ஒரு பெருமூச்சு எழுந்தது.

கோடு முடிந்த கையோடு பழைய கம்ப்யூட்டர் அணைந்தது. பிறகு எழவில்லை.

நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். அண்ணன் முதலாவதைத் திறந்தான். பக்கம் நிறைய அப்பாவின் படம், கோட்டும் டையுமாக. கீழே ஒரே வரி: ‘ஒரு எளிய ஊழியனின் வாழ்வு ஒரு யுகத்தின் வரலாறு.’ நடுவில் ஒன்றைத் திறந்தான். அதே படம், வரியில் ‘எளிய’ போய் ‘நேர்மையான’ வந்திருந்தது. கடைசிக் கோப்பு, ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை எழுதியது. ‘எளிய’ திரும்பி வந்திருந்தது. இடையில் இன்னும் பத்துப் பன்னிரண்டைத் திறந்தார்கள். இரண்டாவது வரி எதிலும் இல்லை.

வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

“என்னத்தைடி வாசிக்கிறது?”

“ஒரு வரி இருக்குல்ல. மெதுவா வாசி.”

அவன் போய் மெதுவாகவே வாசித்தான். முன்னறை அடுத்த வரிக்குக் காத்திருந்தது. பிறகு சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதியைப் புத்தகத்தில் பார்க்கலாம் என்றார். எல்லோரும் எழுந்தார்கள்.

கேபிளைச் சுருட்டியபடி அவள் திரையைப் பார்த்தாள். அவசரத்தில் யாரும் கவனிக்காத ஃபோல்டரின் பெயர் மேலே இருந்தது: ‘சின்னவள் சொன்னபடி.’

பதினோரு வருடங்களுக்கு முன்பு, எழுதிய முதல் பக்கம் மின்வெட்டில் போய்விட்டதென்று அப்பா அவளுக்குப் போன் செய்திருந்தார். அவள் ஏணி மேல் நின்றிருந்தாள், பல்லிடுக்கில் ஒயரோடு. தினமும் புதுப் பெயரில் சேமியுங்கள், பழையதை அழிக்காதீர்கள், எதுவும் போகாது என்று சொன்னாள். திருப்பிச் சொல்லும்மா, எழுதிக்கிறேன் என்றார் அவர். சொன்னாள்.

போனை அவர் சீக்கிரம் வைக்கட்டும் என்றுதான் அப்படிச் சொல்லியிருந்தாள்.