சுரண்டாத இடம்

அக்கா வீட்டு ஸ்கூல் வேனின் பின் இருக்கையைக் கழற்றியதுமே அவனுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைப் போல்ட்டில் இறுக்கமாகத்தான் முறுக்கியிருந்தது. ஆனால் ஒயர் நுனி வளையத்துக்கு அடியில் நீலப் பெயிண்ட் அப்படியே இருந்தது, விளிம்பில் மட்டும் கருகி. இரும்பைத் தொடாத எர்த் என்ன எர்த்? திரும்பிப் போக நல்ல வழி கிடைக்காத கரண்ட், முன்னால் டாஷ்போர்டில் இருக்கும் பாட்டுப்பெட்டிக்குப் போகும் மெல்லிய ஒயரில் புகுந்து அதைப் பொசுக்கிவிட்டது. காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் டாஷ்போர்டிலிருந்து புகை. பிள்ளைகள் இருமிக்கொண்டே குதித்திறங்கி ரோட்டோரம் நின்றிருக்கிறார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாட்டியவன் அவனேதான். இதே ஒர்க்‌ஷாப்பில் வைத்துத்தான். அன்று போல்ட் இடத்துப் பெயிண்டைச் சுரண்ட அவன் உப்புத்தாளை எடுத்ததும் அக்கா புருஷன் பதறிவிட்டார். "மாப்ள, புதுப் பெயிண்டுப்பா! என் கன்னத்துல வேணா தேய்ச்சுக்கோ." அவனும் சிரித்துக்கொண்டே உப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான். வேறு யார் வண்டியாக இருந்தாலும், போய்யா என்று தேய்த்திருப்பான்.

"எல்லாம் உங்க அக்கா வேலை," என்றார் மாமா, முன்கதவில் சாய்ந்தபடி. "டாஷ்போர்டை ஈரத்துணியால தொடைக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மகாராணி கேட்டாத்தானே? நாளைக்கு எவன் நம்ம வேன்ல பிள்ளைய ஏத்துவான்?"

ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்லுகிறவள் அக்கா. இன்று அவர் பக்கமே திரும்பாமல் பின்கதவருகே வந்தாள். பிறகு அவனிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நல்லாப் பிழிஞ்சுதான்டா தொடச்சேன். அந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்னடா பண்ணுவேன்?"

"தண்ணி எறங்கித்தானே மாப்ள? நீயே சொல்லு, கேக்கட்டும்."

ஒரு 'ஆமா' போதும். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அவன் ஸ்பேனரை எடுத்து போல்ட்டைக் கழற்றினான். கருகிய வளையத்தை விரலால் ஒதுக்கி, உப்புத்தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். நீலப்பொடி உள்ளங்கையில் உதிர்ந்தது.

சத்தம் கேட்டு மாமா எட்டிப் பார்த்தார்.

"தண்ணி முன்பக்கம் எறங்குனதுக்கு பின்பக்கம் என்னத்தடா சுரண்டுற?"

உப்புத்தாள் நின்றது. பெயிண்ட் போன இடத்தில் பொட்டளவு இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அக்கா குனிந்து அதைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள்.