அறுபத்தோராம் பக்கம்

நூறாவது ஆண்டு மலரையும் ஒரு டின் பன்றிக்கறியையும் கம்பெனி ஆள் வாசலில் வைத்துவிட்டுப் போனதும், வெர்னா முதலில் டின்னில் அச்சடித்திருந்த தேதியைத்தான் பார்த்தாள். ஹால்க்விஸ்ட் கம்பெனி சும்மா எதையும் கொடுத்து அவள் கண்டதில்லை. அயோவாவின் அந்தச் சிறிய ஊரில் ஐம்பது தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்கு விரல்கள் முழுசாக மடங்காது. அது மட்டும்தான் கம்பெனி தாராளமாகக் கொடுத்தது. அவள் கணவன் லாய்டும் அங்கே பன்றி அறுக்க முப்பத்தெட்டு வருடம் கத்தி பிடித்து நின்றவன்தான்.

மலர் வழுவழுப்பாக இருந்தது. நிறுவனரின் மீசை, முதல் குளிர்பதன வண்டி, போருக்குப் போன டின்கள். அறுபத்தோராம் பக்கத்தில் அவள் கை நின்றது. '1948: வேலைநிறுத்தத்திலும் கடமை தவறாத நம் ஆட்கள்' என்று போட்டிருந்தார்கள். தொழிற்சாலைக்குள் மடக்குக் கட்டில்கள். சீட்டாடிக்கொண்டு ஒன்பது பேர். ஊரே வாசலில் பட்டினியோடு மறித்து நின்றபோது, உள்ளே தின்று தூங்கி வேலை பார்த்தவர்கள். அதில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் ஸ்வெட்டரில் வலது தோளுக்குக் கீழே கோடு ஒன்று தப்பி, ஒரு வரிசை மேலே ஏறியிருந்தது.

அந்தத் தப்பு அவளுடையது. அவள் பின்னிய முதல் ஸ்வெட்டர் அது. வேலைநிறுத்தத்தின் மூன்றாவது வாரம், பக்கத்து மாநிலம் நெப்ராஸ்காவில் சித்தப்பா மகன் வீட்டுச் சோள விதைப்புக்குப் போகிறேன் என்று லாய்டு அதைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினான். திரும்பி வரும்போது அது இல்லை. அங்கே தொலைந்துவிட்டது என்றான். யார் எடுத்தார்கள், எப்படித் தொலைந்தது என்று அன்று அவள் கேட்கவில்லை. இப்போது தோன்றியது: விதைப்புக்குப் போன மனிதன் வெயிலில் கறுக்காமல் வெளிறிப்போய் வந்தானே.

இதே மலர் எதிர்வீட்டு மேவிஸுக்கும் வந்திருக்கும். மேவிஸின் கணவன் ஆர்டன் வேலைநிறுத்தத்தில் அந்தத் தொழிற்சாலை வாசலில் கடைசி நாள்வரை நின்றவன். அதற்கப்புறம் கம்பெனி அவனைத் திரும்ப எடுக்கவேயில்லை. லாரி ஓட்டியே செத்தான். நாற்பது வருடமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தெரு மட்டும்தான்.

திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வெர்னா தெருவைத் தாண்டினாள். மலர் மேவிஸின் சமையல் மேசையில் கிடந்தது. மேவிஸ் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து வேகமாகப் புரட்டினாள். அறுபத்தோராம் பக்கத்தையே காணோம். அறுபதுக்கு எதிரே அறுபத்துமூன்று. நடுவில் பிளேடு வைத்து நறுக்கிய ஒரு விரல் அகலக் காகித ஓரம்.

"என்ன தேடுற?" என்றாள் மேவிஸ், திரும்பாமலே.

"இதுல ஒரு தாளக் காணோமே."

"அச்சடிச்சவன் விட்டுருப்பான். பன்னி அறுக்கிறவனுக்குப் பொஸ்தகம் போடத் தெரியுமா?"

"வெட்டுன மாதிரி இருக்கு."

மேவிஸ் காப்பியை அவள் முன்னால் வைத்தாள். "சூடு ஆறுறதுக்குள்ள குடி, வெர்னா."

வெர்னா கோப்பையைக் கையில் எடுத்தாள். வெர்னாவின் மனசு நோகக்கூடாதென்று மேவிஸ் வெட்டினாளா? அப்படியென்றால் அவளுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்? இல்லை, அந்த ஒன்பது முகங்களில் அவளுக்கும் மறைக்க வேண்டிய ஒரு முகம் இருந்ததா? மேவிஸுக்கு ஒரு தம்பி உண்டு. வேலைநிறுத்தம் முடிந்த வசந்தத்தில் திடீரென்று ஊரைவிட்டுப் போனவன்.

வீட்டுக்கு வந்தபோது லாய்டு ஜன்னலோரம் அந்தப் பக்கத்தையே விரித்து வைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டும் மூடவில்லை.

"யாரு இவங்கல்லாம்?" என்றாள், தெரியாதவள் போல.

"யாருக்குத் தெரியும்? மூஞ்சியே சரியா விழல."

"ஒம்போது பேரு வெக்கமில்லாம சீட்டாடிட்டு இருக்கானுங்க."

"பதினோரு பேரு," என்றான் லாய்டு. சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மத்த ரெண்டு பேரு யாரு, லாய்டு?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். தெருவில் ஒரு பன்றி லாரி வந்து, முன்னால் போன டிராக்டருக்காக அவர்கள் வாசலிலேயே நின்றது. பலகை இடுக்குகளில் ஈரமான மூக்குகள் வெளியே நீண்டு காற்றை முகர்ந்தன. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி நகர்ந்ததும் எதிர்வீட்டுப் படியில் மேவிஸ் நின்றிருந்தாள், குளிருக்கு மேலங்கிகூடப் போட்டுக்கொள்ளாமல், இந்த ஜன்னலை நேராகப் பார்த்தபடி. யாருக்கென்று தெரியாமல் ஒரு கையைத் தூக்கினாள். வெர்னாவும் தூக்கினாள். லாய்டின் மடங்காத விரல்கள் படத்தின் மேலேயே இருந்தன.