புல்லில் படுத்த கோச்

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் டுவெய்ன் கூபிச்செக் ஆடிய இடத்தில் யாருக்கும் பேர் கிடைக்காது. பந்தைத் தொடவே மாட்டார். எதிரே வருகிறவனை முட்டித் தள்ளுவதுதான் வேலை. நாலு வருஷம் முட்டியதில் முழங்கால் இரண்டும் போயின. பிற்பாடு அதே நெப்ராஸ்கா கல்லூரிக்கு அவர் தலைமைக் கோச்சாக வந்தபோது, விளையாட்டுக் குழுத் தலைவர் மெர்ல் முகத்தைச் சுளித்தார்.

"முட்டுறவனுக்கு எதிராளி மூக்கைத் தாண்டி என்னய்யா தெரியும்?"

மூன்று வருஷத்தில் இருபத்தொரு தோல்வி. இன்று பக்கத்து ஊர்க் கல்லூரியிடம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மெர்ல் காலையிலேயே சொல்லிவிட்டார். கூபிச்செக் கொலாச்சி ரொட்டியை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டார். "சரி, ஜெயிச்சுட்டு வந்து பேசுறேன்."

இப்போது கடைசி நிமிஷம். ஒரே ஒரு புள்ளி முன்னிலை. எதிரணிக்கு மிச்சமிருப்பது ஒரு முயற்சி. அதில் இன்னும் இரண்டு கஜம் வந்துவிட்டால் பந்து அவர்களிடமே இருக்கும், பிறகு கம்பங்களுக்கு நடுவே அதை உதைத்தே ஜெயித்துவிடுவார்கள். முட்டிக்கொண்டு ஓடி வருவார்களா, தலைக்கு மேல் எறிவார்களா? தப்பாகக் கணித்தால் தீர்ந்தது.

கூபிச்செக் தொப்பியைக் கழற்றிவிட்டு, எல்லைக்கோட்டருகே சேற்றுப் புல்லில் குப்புறப் படுத்தார்.

"கோச்சுக்குத் தூக்கம் வந்துடுச்சுப்பா" என்றது ஒரு குரல். அரங்கமே சிரித்தது. மெர்ல் ஓடி வந்தார்.

"எழுந்திரும்யா, மானம் போகுது."

"மறைக்காதீங்க தலைவரே."

படுத்தால் தானாக எழ முடியாதென்று அவருக்குத் தெரியும். ஆனால் நின்றால் தெரிவது தலைக்கவசங்கள்தான். அவருக்கு வேண்டியது கையும் காலும். எதிரணியில் முட்டுகிற ஆளைப் பார்த்தார். ஊன்றிய விரல்கள் சேற்றில் புதைந்திருந்தன. குதிகால் தரையில் படவில்லை. பந்தை எறிகிறவனைக் காக்கப் பின்வாங்கப் போகிறவன் இப்படி ஊன்ற மாட்டான். நாலு வருஷம் அவரும் இப்படித்தானே ஊன்றினார்.

ஓடித்தான் வருவார்கள் என்ற சைகையாக முஷ்டியால் தரையில் இரண்டு குத்து குத்தினார். அவரையே பார்த்திருந்த அணித்தலைவன் டெரெல் கையை வீச, பையன்கள் அத்தனை பேரும் நடுவில் குவிந்தார்கள். பந்தோடு வந்தவன் அந்தக் குவியலில் மாட்டினான். நடுவர் சங்கிலி வைத்து அளந்தார். இரண்டு கஜத்துக்கு அரை கஜம் குறைந்தது.

எல்லோரும் மைதானத்துக்குள் ஓட, கூபிச்செக் கிடந்த இடத்திலேயே கிடந்தார். முழங்கால் மடங்க மறுத்தது. மெர்ல் கை கொடுத்து இழுத்துப் பார்த்தார், உடம்பு அசையவில்லை. கடைசியில் கோட்டும் டையுமாகச் சேற்றில் மண்டியிட்டு, அக்குளில் தோளைக் கொடுத்து முட்டினார்.

"இன்னும் கீழே குனிஞ்சு முட்டுங்க தலைவரே" என்றார் கூபிச்செக். "அப்பத்தான் கிளம்பும்."