ரிக்குச் சோப்பு

தெய்வநாயகி யாரையும் திட்டி எட்டு மாதம் ஆகிவிட்டது. திருச்செங்கோட்டில் அவள் குடியிருக்கும் தெருவில் இது சாதாரணச் செய்தியில்லை. அவள் வாயைத் திறந்தால் எதிர்வீட்டு நாய்கூட எழுந்து அடுத்த சந்துக்குப் போகும். பால்காரர் தண்ணீர் கலக்கப் பயந்த ஒரே வீடு அவளுடையது. அவள் புருஷன் சின்னராஜ் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். மாதக் கணக்கில் சத்தீஸ்கர் பக்கம் பூமியைத் துளைத்துக்கொண்டு கிடப்பான். அங்கிருந்து போன் போட்டு, "ஏனம்மிணி, ரெண்டு நாளாத் திட்டு வாங்கலை, சோறே எறங்க மாட்டேங்குது" என்பான். அவளும் குறை வைக்க மாட்டாள்.

போன மாசியில், அங்கே சத்தீஸ்கரிலேயே சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் காலையில் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஆம்புலன்ஸில் இரண்டு நாள் பயணம் செய்து வீட்டுக்கு வந்தான். ஒறம்பரைச் சொந்தமெல்லாம் கூடி மாரடித்து அழுதது. தெய்வநாயகி அழவில்லை. இப்படியே அடைத்துக்கொண்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று அவனுடைய அக்கா பொன்னாயி பளாரென்று கன்னத்தில் ஒரு அறைகூட வைத்துப் பார்த்தாள். தெய்வநாயகி நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்து, "வந்தவங்களுக்குக் காப்பித்தண்ணி குடுத்தாச்சுங்களா நங்கையா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

துக்கம் வலிக்கும் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வலிக்கவில்லை. பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது போல இருந்தது. பசிக்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டாள். தூக்கம் வந்தால் தூங்கினாள். யாராவது ஏதாவது சொன்னால் "ஆமாங்க" என்றாள்.

பயந்துபோனவள் மகள் வித்யாதான். இருபத்துமூன்று வயது. தினமும் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்துவிட்டு வருகிறவள். அப்பா போனதோடு அம்மாவும் போய்விட்டாளோ என்று அவளுக்குள் ஒரு வெசனம். என்னென்னவோ செய்து பார்த்தாள். ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டாள். பாலைப் பொங்கவிட்டு வேடிக்கை பார்த்தாள். ஒருநாள் போன் செய்யாமலே இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து நின்றாள். பழைய தெய்வநாயகியாக இருந்தால் அன்று தெருவே வாசலுக்கு வந்திருக்கும். இந்தத் தெய்வநாயகி துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள், அடுப்பைத் துடைத்தாள், சோற்றைப் போட்டு வைத்தாள்.

மகள் வேண்டுமென்றே செய்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. பெற்ற பிள்ளை ஒரு திட்டுக்காக ஏங்கி நிற்கிறது, ஒன்றே ஒன்றைக் கொடுத்துவிட்டால் என்ன என்று அவளே நினைத்ததுண்டு. வாய்வரை வந்தால்தானே கொடுப்பதற்கு?

அவள் யாரும் சொல்லாமல் தானாகச் செய்த ஒரே காரியம் சோப்புக் காய்ச்சுவது. கடைப் பவுடர் ரிக்குத் துணியிடம் தோற்றுப்போய் வெகுகாலமாகிறது. கிரீஸ், ஹைட்ராலிக் ஆயில், தண்ணீர் பட்டால் சிமெண்டாக இறுகிவிடும் கல்லுப் பவுடர், எல்லாம் ஒரே சட்டையில் இருக்கும். அதற்காகவே அவள் கண்டுபிடித்த பக்குவம் அது. தம்மம்பட்டிப் பக்கமிருந்து வரும் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, கொதிக்கவிட்டு, பிசைந்து, பழைய வேட்டியில் வடிகட்டுவாள். முதல் இரண்டு செம்புத் தண்ணீரை வித்யாவின் துணிகளுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவாள். மீதியில்தான் சோப்புக் கட்டியைத் துருவிப் போட்டு, சலவைச் சோடாவை நாலு கை அள்ளிப் போடுவாள். ஆறினால் கூழ் மாதிரி உறைந்து பெயிண்ட் வாளி நிறைய நிற்கும். "இதுக்குள்ள என்னையப் போட்டீன்னா நானே செவப்பாயிருவேன் போ" என்பான் சின்னராஜ். ரிக்குச் சோப்பு என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

அவன் போன பிறகும் மாதம் ஒரு வாளி காய்ச்சினாள். கை அதன்பாட்டுக்குச் செய்தது. மூக்கை வாளியருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள், விரலால் தொட்டுப் பதம் பார்ப்பாள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் வித்யா சமையலறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐப்பசியில் பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷின் நின்றுபோனது. பதினோரு வருஷம் ரிக்குத் துணியோடு மல்லுக்கட்டிய மெஷின். மெக்கானிக் கவின் அடிமூடியைக் கழற்றி, இறுகிக் கிடந்த கல்லுப் பவுடரைத் தட்டிக் கொட்டிவிட்டு, "இது முடிஞ்சுதுங்கக்கா. புதுசு வாங்கிக்குங்க" என்றான். தெய்வநாயகி "ஆமாங்க" என்றாள். அவனுக்கு அவளைவிட இருபது வயது குறைவு.

ஞாயிற்றுக்கிழமை வித்யா அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். வீட்டிலிருந்தபடியே போனில் ஆர்டர் போட்டிருக்கலாம். "நீதான் பாத்து எடுக்கோணும். எது வேணும்னு உன்ற வாயால சொல்லோணும்" என்று பஸ்ஸில் மூன்று தடவை சொன்னாள். தெய்வநாயகி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சங்ககிரி வந்தது, போனது.

கடை ஐந்து ரோட்டுப் பக்கம், மூன்று மாடி. வாஷிங் மெஷின்கள் எல்லாம் இரண்டாம் மாடியில். அங்கே இருந்தவர் நசுருல்லா, ஐம்பது வயதுக்காரர், சட்டைப் பையில் மூன்று பேனா. இந்தப் பகுதிக்கு வருவதற்குமுன் பத்து வருஷம் ஜவுளிக்கடையில் சுடிதார் பீஸ் கிழித்தவர் என்பதைக் கேட்காமலே சொன்னார். பேச்சுக்காரர்தான். ஆனால் அவசரப்படுத்தாத மனிதர்.

"மொதல்ல இதச் சொல்லுங்கம்மா, வீட்ல எத்தன பேரு?"

"மூணு பேருங்க" என்றாள் தெய்வநாயகி.

வித்யா தரையைப் பார்த்தாள். திருத்தவில்லை.

"அப்ப ஏழு கிலோ போதும். துணி எப்பிடி? ரொம்ப அழுக்காகுமா?"

அவ்வளவுதான் அவர் கேட்டது. தெய்வநாயகி பேச ஆரம்பித்தாள். "ரிக்குத் துணிங்க. சாதாரண அழுக்குன்னு நெனச்சுப் போடாதீங்க. கிரீஸு இருக்கும், ஆயிலு இருக்கும். செவந்த மண்ணு ஒரு பக்கம், வெள்ளக் கல்லுப் பவுடரு ஒரு பக்கம். மூணு மாசத்துத் துணிய ஒரே மூட்டையாக் கட்டிக் கொண்டாருவாங்க. பையில போல்ட்டு கெடக்கும், நட்டு கெடக்கும், பாத்துத்தான் போடோணும். கண்ணாடிக் கதவு போட்டதெல்லாம் தாங்குங்களா?"

எட்டு மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது இதுதான். பேசுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. நசுருல்லா உற்சாகமாகிவிட்டார். "அப்ப ஏழு கிலோவே கெடையாது. இங்க வாங்க" என்று மூலையில் நின்ற பெரிய மெஷினிடம் கூட்டிப்போனார். பத்து கிலோ, சுடுதண்ணீர், முரட்டுத் துணிக்குத் தனிப் பொத்தான். தெய்வநாயகி அதன் வயிற்றுக்குள் கையைவிட்டுத் துழாவிப் பார்த்தாள். மூன்று பேண்ட்டும் நாலு சட்டையும் ஒரே தடவையில் போகும் என்று மனதில் கணக்கு ஓடியது. வித்யா ஒரு அடி பின்னால் நின்றிருந்தாள். அம்மா பேசுகிறாள், அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. காதுகொடுத்துக் கேட்கவும் முடியவில்லை.

"பவுடரு என்ன போடறீங்க?"

"பவுடரு இல்லீங்க, நானே காச்சறேன்" என்று பக்குவத்தைச் சொன்னாள். பூந்திக்கொட்டை, சோப்புக் கட்டி, நாலு கை சோடா.

"நாலு கையா!" நசுருல்லா சிரித்தார். "இரும்பே கரையுமேம்மா. ரிக்குத் துணிக்குச் சரி." சிரித்தபடியே அவர் பார்வை வித்யாவின் சுடிதாரில் நின்றது. பத்து வருஷம் துணி கிழித்த கண் அல்லவா? "பாப்பா துணியும் அதுலயேதான் போடறீங்களோ? இது நல்ல பீஸ். மயில்கழுத்துப் பச்சை. ஓரத்துத் தையல்ல மட்டும் கலர் நிக்குது பாருங்க. சோடா தின்னுருச்சு."

தெய்வநாயகி திரும்பி மகளைப் பார்த்தாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு சுடிதார். போன பொங்கல் நோம்பிக்குச் சின்னராஜ் எடுத்துக் கொடுத்தது. அவன் கடைசியாக எடுத்துக் கொடுத்தது. துப்பட்டா ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. கழுத்தில் துணி படும் இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. முழங்கையின் உள்பக்கம் சொரிந்து சொரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. தினமும் பக்கத்தில் படுத்து எழுகிற பிள்ளை. இதையெல்லாம் எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். பார்க்கவேயில்லை.

இரண்டு செம்புப் பூந்தித் தண்ணீர் ஞாபகம் வந்தது. மாசிக்குப் பிறகு ஒருநாளும் அதை எடுத்து வைத்ததில்லை. மொத்தத் தண்ணீரிலும் சோடாவைக் கொட்டியிருக்கிறாள். போட ரிக்குத் துணி இல்லாத வீட்டில், ரிக்குத் துணிக்கான சோப்பைப் பிள்ளையின் உடம்பில் போட்டிருக்கிறாள்.

"ஏஞ்சாமி, அரிக்குதா?"

"கொஞ்சமா."

"எத்தன நாளா?"

வித்யா துப்பட்டாவை இழுத்துக் கழுத்தை மூடினாள். பிறகு மெதுவாக, "சித்திரையிலிருந்துமா" என்றாள்.

"ஏன் சொல்லுல?"

"அந்தச் சோப்புக் காச்சறப்ப மட்டுந்தாம்மா நீ நீயா இருந்த. மோந்து பாப்ப, தொட்டுப் பாப்ப. சோடா ஒடம்புக்குச் சேர மாட்டேங்குதுன்னு சொன்னா அதையும் விட்டுருவியோன்னு பயந்துட்டேன்."

அந்த ஊசியின் வேகம் இறங்கியது. இத்தனை நாள் மரத்துக் கிடந்த இடத்தில் சுரீரென்று ஒரு வலி கிளம்பி வாய்வரை வந்தது. அழுகை என்றுதான் தெய்வநாயகி நினைத்தாள். வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"அட கெரகம் புடிச்சவளே!"

மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் நகர்ந்து நின்றது.

"வாயில என்னடி கொழுக்கட்டையா வச்சிருந்த? ஆறேழு மாசமா ஒடம்பு பூராச் சொரிஞ்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கற, 'அம்மா எரியுது'ன்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுகிப் போகுமா? ஸ்கேன் சென்டர்ல உக்காந்துக்கறாளாமா! நாலு டாக்டரு மொகத்துலதான தெனமும் முழிக்கற, ஒருத்தருகிட்டக் காட்டறதுக்கென்ன கேடு? பெத்தவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னா நீயும் வாய மூடிக்குவியா? ஈரத் துண்ட மெத்தையில போடத் தெரியுது, பாலப் பொங்க உடத் தெரியுது, இதச் சொல்லத் தெரியலையா உனக்கு?"

நசுருல்லா பதறிப்போனார். "அம்மா, அம்மா, பாப்பா அழுவுது பாருங்க. நான்தான் தெரியாம சொல்லிட்டேன். விடுங்கம்மா."

வித்யா அழுதுகொண்டுதான் இருந்தாள். அப்பாவைத் தூக்கிய நாளுக்குப் பிறகு இப்படித் தேம்பி அழுததில்லை. ஆனால் அவரைப் பார்த்து அவசரமாகக் கையை ஆட்டினாள்.

"நிறுத்தச் சொல்லாதீங்கண்ணா. திட்டட்டும்."

தெய்வநாயகிக்கு மூச்சு வாங்கியது. பக்கத்து மெஷினைப் பிடித்துக்கொண்டாள். கண் எரிந்தது, எங்கெங்கோ வலித்தது. சின்னராஜ் செத்துப்போனான் என்பது அந்தப் பத்து கிலோ மெஷினின் முன்னால் நின்றபோதுதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. அதன் மூடியைத் தானே சாத்தினாள்.

"ஏனுங்க, இது வேண்டாங்க. சின்னதா ஒண்ணு காட்டுங்க. அந்த வெள்ளை நெறம், ஓரமா நிக்குதே, அது வேணும்."

"அது ஆறு கிலோங்கம்மா. மூணு பேருக்குப் போதுமா?"

"மூணு பேரு இல்லீங்க." குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று அப்படியே சொன்னாள். "தெரியாம சொல்லிப் போட்டேன். எங்க ஊட்ல நானும் எம் புள்ளையும்தானுங்க. ரெண்டே பேரு."

அவர் தலையை அசைத்துவிட்டுப் பில் புத்தகம் எடுக்கப் போனார். வித்யா துப்பட்டாவால் முகத்தைத் துடைக்கப் போனாள். தெய்வநாயகி அவள் கையில் ஒரு அடி வைத்தாள்.

"அதுலயே தொடைக்கற பாரு, அறிவு கெட்டவளே, எரியப் போவுது!" என்று தன் சேலைத் தலைப்பை இழுத்தாள். அதுவும் அதே சோப்பில் வெளுத்ததுதான் என்பது ஞாபகம் வந்தது. தலைப்பை விட்டுவிட்டு, வெறும் கையாலேயே மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.